இழை: ‘வார்ம்’ லோகோவுக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்குள்

கோவை, வரைகலை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்குப் பயிற்சித்தாள் ஒன்று தயார் செய்கிறேன். வெள்ளி மாலைக்குள் ஜெராக்ஸுக்குக் கொடுத்தாக வேண்டும். முதியவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ‘ஹோம் கேர்’ நிறுவனம் ஒன்றுக்கு ‘வார்ம்’ ஆன, அதாவது பார்த்ததும் அன்பு தோன்றும்படியான, லோகோவும் ஸ்டேஷனரியும் வடிவமைக்க வேண்டும் என்பது பயிற்சி. லோகோவுக்கு இலச்சினை என்று போட்டுக்கொண்டேன். ‘வார்ம்’, ‘ஹோம் கேர்’, ‘ஸ்டேஷனரி’ மூன்றும் தமிழ்ச் சொல் கிடைக்காமல் இழுக்கின்றன. துறையில் கிடக்கும் பழைய தாளில் ‘வெப்பமான இலச்சினை’ என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பாதி வகுப்பு சூரியனையும் தீயையும் வரைந்து வந்தது. ஒரு பையன் கேஸ் அடுப்பே வரைந்துவிட்டான்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, முதலில் இலச்சினையை விடுங்கள். அது வடமொழி வழி வந்தது. நம்மிடம் முத்திரை என்ற பொருளில் ‘பொறி’ இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பொதிகளைப் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ விட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. புகாரின் பொதிகளில் வணிகர் தம் பெயரைப் பொறித்த ‘கண்ணெழுத்து’ சிலம்பில் வருகிறது. கண்ணெழுத்தே போதுமே!

ஹோம் கேருக்கு வள்ளுவரிடம் போவோம். குறள் 950: ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.’ நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருப்பவர் உழையர். எனவே ‘இல்லுழைப் பேணல்’.

சென்னை, மின்பொறியாளர்:
ஐயா, ‘உழையர்’ என்று கார்டு அடித்தால் தொழிற்சங்கம் என்று நினைத்து மே தின வாழ்த்து அனுப்புவார்கள். ‘பொறி’ என்றால் இன்றைக்கு எலிக்கு வைப்பது.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பொறியாளர் என்று கையெழுத்துப் போடுகிறவரே இதைச் சொல்லலாமா? உழைக்கு மான் என்றும் பொருள் உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையில் நடுவில் நிற்பதும் உழைதான். முன்னே மூன்று, பின்னே மூன்று, நடுவில் துணையாக ஒன்று. பராமரிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? (ஏழிசைக்கும் சப்த ஸ்வரத்துக்கும் உள்ள இணையைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பிறகு.)

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர்:
இங்கே ‘இல்லப் பராமரிப்பு’ புழக்கத்தில் இருக்கிறது. நர்சிங் ஹோமுக்குத் ‘தாதிமை இல்லம்’. ‘வீட்டுப் பராமரிப்பு’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பெயின்ட் அடிக்கவும் குழாய் மாற்றவும் ஆள் கேட்டு போன் வரும். ஆங்கிலத்திலும் அந்தக் குழப்பம் உண்டு. தரை துடைக்கும் திரவத்தையும் சோப்புத்தூளையும் விற்கிற கம்பெனிகள் அந்தப் பிரிவுக்கு ஹோம் கேர் என்றுதான் பெயர் வைத்திருக்கின்றன.

மதுரை, மருத்துவச் சமூகப் பணியாளர்:
தமிழ்நாடு அரசு 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பெயர் வைத்தபோது யாரும் அகராதியைத் தேடவில்லை. ஆனால் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது வேறு, பன்னிரண்டு மணி நேரம் உடனிருந்து பார்த்துக்கொள்வது வேறு. குடும்பங்கள் எங்களிடம் வந்து ‘அம்மாவைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்’ என்றுதான் கேட்கின்றன. பராமரிப்பு என்றால்கூடச் சிலர் முகம் மாறுகிறது, ஏதோ பழைய கட்டடத்தைச் சொல்வதுபோல.

யாழ்ப்பாணம், நூலகர்:
ஸ்டேஷனரிக்கு எங்கட பக்கம் ‘காகிதாதிகள்’ எண்டு அரச படிவங்களிலயே வரும். எடுத்துக்கொள்ளுங்கோ.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
காகிதம் பாரசீகம், ஆதி சமஸ்கிருதம், ‘கள்’ மட்டும் தமிழ்!

சிவகாசி, அச்சகத்தார்:
தமிழ்நாட்டு அரசுத் துறைக்கே ‘எழுதுபொருள் மற்றும் அச்சு’ என்றுதானே பெயர். ஆனால் எழுதுபொருள் என்றால் பேனாவும் பென்சிலும் கண்ணில் வரும். எங்களிடம் வருகிறவர்கள் ‘கம்பெனி செட்டு’ என்பார்கள்: நூறு ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில் லெட்டர்ஹெட், முந்நூறில் கார்டு, உறை, பில் புக்கு. டீச்சர், ‘நிறுவன அச்சுத்தாள்கள்’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டு விஷயம் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவம் என்றதும் சிவப்புக் கூட்டல் குறி போடுவார்கள். வெள்ளையில் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவை இயக்கத்தின் சின்னம். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியில்லாமல் யாரும் போடக் கூடாது. இன்னொன்று விளக்கு. ‘வார்ம்’ வேண்டும் என்று ஒரு டிசைனர் ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைச் சுடரும், கீழே நிறுவனத்தின் பெயரும், பக்கத்தில் சிரிக்கிற பாட்டி படமுமாகக் கொடுத்தார். புரூஃப் எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தால் அச்சு அசல் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். முதலாளியம்மா மேஜையில் வைக்கக்கூட விடவில்லை. தலைமாட்டில் ஒற்றை விளக்கு எப்போது ஏற்றுவார்கள் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

கோவை, வரைகலை ஆசிரியை:
அச்சகத்தார் அண்ணா, இதை அப்படியே தாளில் சேர்த்துவிட்டேன். நன்றி. ‘வார்ம்’ மட்டும் அப்படியே நிற்கிறது.

மதுரை, மருத்துவச் சமூகப் பணியாளர்:
அதற்கு நேர்ச்சொல் தேடுவதே வீண் என்று நினைக்கிறேன். நம் மொழியில் சூடு நல்ல சேதி கொண்டுவராது. வயிறு எரியும், நெஞ்சு கொதிக்கும், சொல் சுடும். அன்பு வந்தால் மனம் குளிரும், கண் குளிரும், நெஞ்சில் ஈரம் இருக்கும். குறள் 91கூட ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்றுதான் தொடங்குகிறது. குளிர் நாட்டுக்காரர் அடுப்போரத்தை அன்பு என்கிறார், நாம் நிழலைச் சொல்கிறோம். அதற்காக மாணவர்களிடம் ‘குளிர்ந்த லோகோ’ கேட்டால் நீலத்தை அப்பி, ஏசி கம்பெனி விளம்பரம்போலக் கொண்டுவருவார்கள். அதுதான் சிக்கல்.

குன்னூர், தேயிலை ஆலைக் கணக்கர்:
டிசம்பரில் ஒரு ராத்திரி எங்கள் ஊரில் தங்கிவிட்டு இதைச் சொல்லுங்கள். கதகதப்பு.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தொல்காப்பியர் உரியியலில் ‘வெம்மை வேண்டல்’ என்கிறார். வெம்மைக்கு விருப்பம் என்ற பொருள் பழையது, எனவே வெம்மை அன்புக்கு விலக்கு அல்ல. ஆனாலும் தண்மைக்கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் சொல் குறள் 30இல் இருக்கிறது: ‘செந்தண்மை’. செம்மையும் தண்மையும் கூடியது. செம்மையில் சிவப்பும் அடங்கும் என்பதால் ஓவியருக்கும் வசதி. செந்தண்மைக் கண்ணெழுத்து!

சென்னை, மின்பொறியாளர்:
லேகியம் மாதிரி இருக்கிறது, ஐயா. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. மஞ்சள் கலந்த ‘வார்ம் ஒயிட்’ பல்பின் நிற வெப்பநிலை 2700 கெல்வின், நீலம் கலந்த ‘கூல் டேலைட்’ 6500. இயற்பியல்படி நீலம்தான் அதிகச் சூடு. மஞ்சளை வெம்நிறம் என்பது நெருப்பைப் பார்த்து வந்த பழக்கம். நம் வீடுகளில் வெள்ளை டியூப் லைட்தான் மங்கலம், மஞ்சள் பல்பு எரிந்தால் வோல்டேஜ் இல்லையா என்று கேட்போம்.

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர்:
ஓவியப் பாடத்தில் வெப்ப வண்ணம், குளிர் வண்ணம் இரண்டும் நிலைத்துவிட்டன. அவை இருக்கட்டும். இங்கே கேட்பது நிறத்தை அல்ல, பார்ப்பவர் மனதில் தோன்ற வேண்டிய உணர்வை. ‘இதமான’ போதாதா? வெந்நீரும் இதம், வேப்பங்காற்றும் இதம். பேச்சும் இதமாக இருக்கலாம். சூடா குளிரா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணம், நூலகர்:
இதம் எங்களுக்குச் சம்மதம். ‘ஹிதம்’ எண்டு ஐயா இப்ப தொடங்குவார்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஹிதம்தான். சந்தேகமே இல்லை.

குன்னூர், தேயிலை ஆலைக் கணக்கர்:
கதகதப்பில் வடமொழி ஓர் எழுத்துகூட இல்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

சிவகாசி, அச்சகத்தார்:
கதகதப்பான லோகோ என்றால் போர்வை வரைவான் தம்பி. இதம் போடுங்கள்.

மதுரை, மருத்துவச் சமூகப் பணியாளர்:
இதம். ஆனால் ஒரு சொல்லோடு விட வேண்டாம். ‘படுக்கையில் இருக்கும் தாயை அந்நியர் கையில் ஒப்படைக்கத் தயங்கும் மகள், இந்தக் கார்டைப் பார்த்ததும் போன் செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளைகளுக்கு அது போதும்.

கோவை, வரைகலை ஆசிரியை:
தாள் போய்விட்டது. இறுதி வடிவம்: ‘முதியோரை அவர்கள் வீட்டிலேயே உடனிருந்து பார்த்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றுக்கு இதமான இலச்சினையும், கடிதத் தாள், அறிமுக அட்டை, உறை ஆகியவற்றையும் வடிவமைக்க.’ ஸ்டேஷனரிக்கு ஒரே சொல் கிடைக்காததால் பிரித்தே எழுதிவிட்டேன். மதுரை அம்மாவின் வரியும், விளக்கு பற்றிய எச்சரிக்கையும் கீழே இருக்கின்றன.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இலச்சினை, இதம் இரண்டுக்கும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘அறிமுக அட்டை’ நன்று. உழை குறித்துத் தனி இழை தொடங்குகிறேன். மானையும் இசையையும் அங்கே பார்த்துக்கொள்வோம்.

சென்னை, மின்பொறியாளர்:
பார்த்துக்கொள்வோம், ஐயா. உழையில் இருக்கிறோம்.