பழுதான டிஷ்வாஷருக்குப் பதிலாக 1970களின் கிச்சன்எய்ட்: மாட்டும் முன் என்னென்ன பார்க்கணும்?

அடுக்களைவாசி
வணக்கம். வீடு நியூஜெர்சியில். இப்போதைய டிஷ்வாஷரில் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது. அதை எடுத்துவிட்டு, ஹோபார்ட் தயாரித்த 70களின் கிச்சன்எய்ட் ஒன்றை வைக்க எண்ணம். 24 இஞ்ச் அகலம், உள்தொட்டி இரும்பின்மேல் போர்சலின் பூச்சு. பல வருடம் பேஸ்மெண்டில் ஓடாமல் கிடந்த மெஷின். அதே இடம், அதே பைப், அதே வயர் போதுமா? இப்போது கடையில் கிடைக்கும் சோப்பு டேப்லெட்டைப் போடலாமா?

திருகுமறை
மாட்டிய பிறகு சோதிக்க வேண்டாம். முதலில் கராஜில் ஒரு பக்கெட் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

காய்ந்து கிடந்த மெஷினில் முதலில் தொல்லை தருவது பம்ப் சீல்தான். அதன் கார்பன் முகமும் செராமிக் முகமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கரண்ட் கொடுத்தால் சீல் கிழிந்து மோட்டார்மேல் தண்ணீர் சொட்டும். அதனால் தொட்டியின் பள்ளத்தில் இரண்டு லிட்டர் வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் அடியிலிருந்து மோட்டார் தண்டைக் கையால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். அதன்பிறகே கரண்ட். மோட்டார் சுற்றாமல் "ம்ம்" என்று மட்டும் உறுமினால் உடனே நிறுத்திவிடுங்கள், சில நொடிகளில் காயில் கருகிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை அகலம் பிரச்சினையில்லை, உயரம்தான் மாட்டிவிடும். கவுண்ட்டருக்கு அடியில் சுமார் 34 இஞ்ச் வேண்டும். டிஷ்வாஷரை உள்ளே விட்டுவிட்டு அதன் முன்னால் மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால் பழையதை வெளியே எடுப்பதே பாடு. புதிதாக வருவதன் கால் திருகுகள் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு, முழுக்க உள்ளே ஏற்றிவையுங்கள். போர்சலின் தொட்டி கனமானது, தூக்க இரண்டு பேர் வேண்டும்.

டிரெய்ன் ஹோஸ் புதிதாகவே போடுங்கள். கவுண்ட்டரின் அடிப்பாகம் வரை தூக்கிக் கட்டி, பிறகு இறக்குங்கள். இல்லையென்றால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி வரும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் ஏர் கேப் (அழுக்குத் தண்ணீர் திரும்பாதபடி நடுவில் காற்று இடைவெளி விடும் பொருத்தி) கட்டாயம், உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர்மேன்
120 வோல்ட் லைன் அதேதான். பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கறுப்பு கறுப்போடு, வெள்ளை வெள்ளையோடு, எர்த் வயர் பாடியில் உள்ள திருகில். எர்த்தை விட்டுவிடாதீர்கள், இது முழு இரும்பு மெஷின்.

அடுத்து கதவின் கீல் பக்கம். அங்கே போகும் வயர்கள் திறந்து மூடியே இன்சுலேஷன் வெடித்திருக்கும். டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், சூடு தாங்கும் வயராக மாற்றுங்கள்.

2014 மின்விதிகளிலிருந்து வீட்டு டிஷ்வாஷருக்கு ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) கேட்கிறார்கள். அது 5 மில்லிஆம்ப் கசிந்தாலே விழுந்துவிடும். ஈரம் ஏறிய பழைய ஹீட்டர் அதற்குமேல் கசியலாம். ஜிஎஃப்சிஐயைக் குறை சொல்லி அதைக் கழற்றிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. ஹீட்டர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் குற்றவாளி ஹீட்டர்தான்.

ஆவிபறக்க
சோப்பு விஷயம்: அந்த மெஷின் பாஸ்பேட் கலந்த தூளுக்காகச் செய்யப்பட்டது. 2010க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டு டிஷ்வாஷர் தூளில் பாஸ்பேட் கிடையாது, என்சைம்தான் வேலை செய்கிறது. என்சைமுக்கு நேரமும் சூடும் வேண்டும். பழைய மெஷினிலோ கழுவும் நேரம் குறைவு. டேப்லெட் கரைவதற்குள் தண்ணீர் வெளியேறிவிடும். அதனால் தூள் வாங்கி, மூடியுள்ள கப், திறந்த கப் இரண்டிலும் போட்டு, நீண்ட சைக்கிளில் விடுங்கள்.

வாட்டர் ஹீட்டரில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கட்டும். ஓட்டும் முன் சிங்க் குழாயைத் திறந்து சுடுதண்ணீர் வரும்வரை விடுங்கள். அரை இஞ்ச் செம்புக் குழாய் 30 அடி இருந்தால் அதில் மட்டும் ஒன்றரை லிட்டர் ஆறின தண்ணீர் நிற்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மெஷின் ஒன்று ஒரு தடவைக்கு 10 கேலன் குடித்தால் ஆச்சரியமில்லை. 2013இல் வந்த விதிப்படி உச்சமே 5 கேலன். 10 கேலனை 55 டிகிரியிலிருந்து 120க்குச் சூடாக்கவே 1.6 யூனிட் ஆகும். தினமும் ஓட்டும் வீடு என்றால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு நல்லது உண்டு: பிளாஸ்டிக் தொட்டியில் ஏறும் மஞ்சள் கறை போர்சலினில் ஏறாது. அலுமினிய இட்லித் தட்டு மட்டும் எந்த மெஷினிலும் கறுத்துப்போகும், வைக்காதீர்கள்.

அடுக்களைவாசி
நன்றி. சீல் பிழைத்துவிட்டது, கசிவில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே விடும் வால்வு இறுகிவிட்டது. 120 வோல்ட் வால்வு எதையாவது போடலாமா?

திருகுமறை
"எதையாவது" கூடாது. அந்தக் காலத்து அமெரிக்க மெஷின்களில் பெரும்பாலானவை தண்ணீர் மட்டத்தை அளப்பதில்லை. டைமர் இத்தனை நொடி வால்வைத் திறக்கும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது வால்வுக்குள் இருக்கும் ரப்பர் ஃப்ளோ வாஷர். உள்ளே தெரியும் மிதவை மட்டம் பார்ப்பதற்கல்ல, நிரம்பி வழியாமல் தடுப்பதற்கு. அது தடங்கலின்றி ஏறி இறங்குகிறதா பாருங்கள்.

பழைய வால்வில் பொறித்திருக்கும் ஓட்ட அளவுக்கே புதியது வாங்குங்கள். மாட்டியபின் ஒரு ஃபில் முடிந்து பம்ப் ஓடும்போது காது கொடுங்கள். சத்தம் சீராக இருந்தால் சரி. ஏறி இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கிறது, தண்ணீர் போதவில்லை. அப்போது முதலில் சிங்க் அடியில் உள்ள ஸ்டாப் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, வால்வு வாயில் உள்ள சல்லடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.