வேட்பாளருக்கு உச்சவரம்பு இருக்கிறது, கட்சிக்கு இல்லையா? கிளைச் செயலாளரின் கைக்காசு எந்தக் கணக்கில் சேரும்?

களத்துமேடு:

என் பெரியப்பா ஒரு மாநிலக் கட்சியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்பது வேண்டாம், சொன்னால் சண்டை அதைப் பற்றியே போய்விடும். போன சட்டமன்றத் தேர்தலில் "ஊர்ச் செலவை இப்போதைக்கு நீங்கள் பாருங்கள், பூத் செலவோடு சேர்த்து மேலே இருந்து வந்துவிடும்" என்று ஒன்றியத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பி, சுவருக்கு வெள்ளை அடித்தது, மைக்செட், ஆட்டோ, வேட்பாளர் வந்த அன்றைக்கு மாலையும் வெடியும், பூத்தில் உட்கார்ந்த பையன்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் பார்த்தார். பெரியம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. மேலே இருந்து வந்தது பாதிகூட இல்லை, சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது, பெரியம்மா மஞ்சள் கயிற்றோடுதான் விசேஷங்களுக்குப் போகிறார்.

எனக்குப் புரியாதது இதுதான். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் ஒன்றியத்தில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தைப் பார்த்தாலே அந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரவில்லை. கட்சிக்குக் கோடிக்கணக்கில் நன்கொடை வருகிறது என்று செய்தியிலும் படிக்கிறேன். அது எங்கே போகிறது, கிளை வரைக்கும் ஏன் வருவதில்லை, பெரியப்பா போட்ட காசு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், இரண்டு தேர்தல்களில் வேட்பாளர்களுக்குக் கணக்குப் பதிவேடு எழுதியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வேட்புமனு கொடுக்கும்போதே ஒரு பதிவேடு தருவார்கள். அன்றாடச் செலவு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்புத் தாளில், வங்கிக் கணக்கு மஞ்சள் தாளில். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும், ஒருவருக்கு மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பிரசாரம் நடக்கும்போதே குறைந்தது மூன்று முறை தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன்னால் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்களிடம் நிழல் பதிவேடு என்று ஒன்று இருக்கும். கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலி எத்தனை, வண்டி எத்தனை என்று எண்ணி, மாவட்டத் தேர்தல் அலுவலர் போட்ட விலைப்பட்டியலால் பெருக்கி எழுதி வைத்திருப்பார்கள். நம் கணக்கு அதைவிடக் குறைந்தால் நோட்டீஸ் வரும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும், சரியான காரணம் இல்லாமல் விட்டால் தேர்தல் ஆணையம் மூன்று வருடத்துக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். ஆக, வேட்பாளரைப் பொறுத்தவரை ஏட்டில் கட்டுப்பாடு கடுமையாகத்தான் இருக்கிறது.

ஓட்டை இருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, இந்தக் கணக்கு வேட்புமனு கொடுத்த நாளில் தொடங்கி முடிவு வரும் நாளில் முடிந்துவிடும், அதற்கு முந்தைய ஆறு மாதம் இதில் வராது. இரண்டாவது பெரியது: கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் சில நாட்களுக்குள் அவசரச் சட்டம் போட்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77-வது பிரிவில், கட்சி செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். 2003-ல் அதைச் சுருக்கினார்கள், இப்போது நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்ற அளவில் நிற்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு 40 பேர் வரை அப்படி அறிவிக்கலாம். தலைவர் மேடையில் வேட்பாளரும் ஏறினால், அல்லது அவர் படமோ பெயரோ அங்கே இருந்தால், கூட்டச் செலவில் பங்கு அவர் தலையில் விழும். அதனால்தான் சில கூட்டங்களில் வேட்பாளர் மேடைக்குக் கீழேயே நிற்பார், கவனித்துப் பாருங்கள்.

டிவி விளம்பரம், பத்திரிகையில் முழுப்பக்கம், சமூக வலைத்தளம், ஆலோசனை நிறுவனம், இதெல்லாம் பொதுவாகக் கட்சிக் கணக்கு. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு வரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம், 40 லட்சம் ஆனது அதற்குப் பிறகுதான். அதே தேர்தலுக்கு திமுக ஆணையத்திடம் காட்டிய கட்சிச் செலவு சுமார் 114 கோடி, அதிமுக காட்டியது சுமார் 57 கோடி. இது காட்டிய கணக்கு. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் கட்சி இதைக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் போதும், கூடுதலாகச் செலவழித்தாய் என்று கேட்க ஆளில்லை, ஏனென்றால் வரம்பே இல்லையே.

உங்கள் பெரியப்பா விஷயம்தான் மனதைச் சங்கடப்படுத்துகிறது. வேட்பாளருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு வேறொருவர் செய்யும் செலவும் அவர் கணக்கில் வர வேண்டும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேட்பாளருக்காகச் செலவு செய்வதே குற்றம், பழைய தண்டனைச் சட்டத்தில் 171-எச் பிரிவு. அப்படியென்றால் பெரியப்பாவின் காசு வெள்ளைத் தாளில் ஏறியிருக்க வேண்டும். நான் எழுதிய இரண்டு பதிவேட்டிலும் கிளைச் செயலாளர்களின் கைக்காசு என்று ஒரு வரிகூட வந்ததில்லை. பில் கொண்டு வாருங்கள், எழுதுகிறேன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன், "அதெல்லாம் எதற்கு, அவர்களாக ஆசையில் செய்கிறார்கள்" என்பார்கள்.

பழையபேப்பர்:

வரவுப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் கட்சிப் பணம் கீழே இருந்து மேலே போனது. 1967 தேர்தலுக்குத் தேர்தல் நிதியாக 10 லட்சம் திரட்ட வேண்டும் என்று அண்ணா சொன்னார், கருணாநிதி ஊர் ஊராகப் போய் 11 லட்சம் திரட்டி விருகம்பாக்கம் மாநாட்டில் ஒப்படைத்தார், சைதாப்பேட்டை வேட்பாளர் 11 லட்சம் என்று அண்ணா மேடையிலேயே அறிவித்தார் என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பணத்தில் வசூல் புத்தகத்தில் கிழித்த ரசீதுகளும் நாடகம் போட்டு வந்த காசும் இருந்தன. கொடுத்தவனுக்குக் கட்சிமேல் ஓர் உரிமை இருந்தது.

இப்போது பெரும்பணம் மேலேயே வந்து மேலேயே நிற்கிறது. 2018 முதல் 2024 வரை தேர்தல் பத்திரம் இருந்தது, ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை வாங்கி 15 நாளுக்குள் கட்சிக்குக் கொடுத்துவிடலாம், பெயர் வெளியே வராது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. விவரம் வெளியானபோது திமுகவுக்கு வந்த மொத்தம் 656 கோடிக்கு மேல், அதில் 509 கோடி ஒரே ஒரு லாட்டரி நிறுவனத்திடமிருந்து. பாஜகவுக்கு இதைவிடப் பல மடங்கு வந்தது, மாநிலக் கட்சிகளில் திரிணாமூல், பிஆர்எஸ், பிஜு ஜனதா தளம் எல்லோரும் வாங்கினார்கள். லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்தாகிவிட்டது, இந்த மாநிலத்துக் கட்சிக்கு வந்த தேர்தல் பத்திரப் பணத்தில் அதே தொழிலின் பணம் முக்கால் பங்குக்கு மேல். நான் ஒரு கட்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பல ஆயிரம் பேரிடம் வாங்க வேண்டியதை ஒரே இடத்தில் வாங்க முடிந்தால் கிளைச் செயலாளரின் வசூல் புத்தகம் யாருக்கு வேண்டும்? அவர் குரலும் அங்கேதான் எடுபடாமல் போகிறது.

இன்னொன்று, 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் கட்சி ஆணையத்திடம் சொல்ல வேண்டும். ரொக்கம் என்றால் ஒருவரிடம் 2,000 வரைக்கும்தான் வாங்கலாம் என்று 2017-ல் வரிச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். ஆனால் இரண்டாயிரம் இரண்டாயிரமாக எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று யார் எண்ணுவது? சீட்டு கேட்டு விருப்பமனு போடுகிறவர்களிடம் வாங்கும் கட்டணமும் ஒரு வருமானம்தான், 2021-ல் திமுகவில் பொதுத் தொகுதிக்கு 25,000, அதிமுகவில் 15,000. ஆயிரக்கணக்கில் மனு வரும்.

செம்பருத்தி:

நான் இடதுசாரிக் கட்சி ஒன்றில் கிளை உறுப்பினர். எங்களிடம் லெவி என்று உண்டு, வருமானத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு உறுப்பினரும் கட்டியாக வேண்டும், எம்.பி. ஆனாலும் கட்ட வேண்டும். அப்புறம் உண்டியல். பேருந்து நிலையத்தில் சிவப்புத் துணி சுற்றிய டப்பாவோடு நிற்பேன். பூ விற்கிற அம்மா ஒருவர் எங்களுக்கு ஓட்டுப் போடுவாரா என்று தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் போடுவார். அன்றைக்கு இரவே அலுவலகத்தில் டப்பாவை உடைத்து எண்ணி, நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்த பணம் திமுக காட்டிய செலவுக் கணக்கிலேயே வந்தது, சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடி. வங்கி வழியாகத்தான் வந்தது, கணக்கிலும் காட்டியாகிவிட்டது, சட்டப்படி தவறில்லை என்று தலைமை விளக்கியது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த வாரம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன எனக்குத்தான் தெரியும், "உங்களுக்குத்தான் கோடிக்கணக்கில் வருகிறதே தோழர்" என்று ஒரு ஆட்டோ ஓட்டுநர் கேட்டபோது நான் என்ன பதில் சொல்வது? கிளைக்கூட்டத்தில் இதைக் கேட்டேன், கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். கேட்க ஓர் இடம் இருந்தது என்பதுதான் இன்னும் என்னைக் கட்சியில் வைத்திருக்கிறது. உங்கள் பெரியப்பாவுக்கு அப்படிக் கேட்க ஓர் இடம் இருக்கிறதா?

ஊருணி:

உள்ளாட்சியை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவருக்கு நின்று தோற்றவன் நான். மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த வரம்பு, தலைவருக்கு 34,000, வார்டு உறுப்பினருக்கு 9,000, ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1 லட்சத்து 70 ஆயிரம். தலைவர், வார்டு உறுப்பினர் இரண்டும் கட்சி சார்பில்லாத தேர்தல். பூட்டு சாவி, கத்தரிக்காய் என்று சின்னம் இருக்கும், ஆனால் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். கட்சி ஆதரவு உண்டு, பணம் கிடையாது. எல்லாம் நம் காசு.

அந்தக் காசு தேர்தலில் மட்டும் போவதில்லை. நிற்கப்போகிறோம் என்று வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து தொடங்கிவிடும், கோயில் கொடைக்குப் பந்தல், பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பரிசு, சாவு வீட்டுக்கு மாலையும் வண்டியும், காதுகுத்துக்கு மொய். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று நான் முடிவாக இருந்தேன், கொடுக்கவில்லை. ஆனால் பிரசாரத்துக்குப் போகும்போது பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள், பக்கத்தில் நிற்கிறவர் தட்டில் போடுங்கள் என்று கையில் நோட்டைத் திணிப்பார். அந்த நோட்டும் என் காசுதான், என் நிலத்தில் இருபது சென்ட் அதில் போனது. ஜெயித்தவர் என்னைவிடப் பல மடங்கு செலவழித்தவர். அவர் அதைச் சாலை வேலையிலும் குடிநீர்க் குழாயிலும்தான் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு வேறு வழியை யாரும் வைக்கவில்லை, வாங்கின நாமும் வைக்கவில்லை.

கட்சிக்கு உச்சவரம்பு இல்லை என்கிறீர்கள், சரி, வைக்கட்டும். என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். கட்சிக்கு வரும் நன்கொடையில் ஒரு பகுதி கிளைக்கு வங்கி வழியாகப் போக வேண்டும், கிளைக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். நிலம் உள்ளவன், ஒப்பந்ததாரர், வட்டிக்கு விடுகிறவன் தவிர வேறு யாரும் நிற்கவே முடியாத நிலை அப்போதாவது மாறுமா என்று பார்க்கலாம்.

வரவுசெலவு:

களத்துமேடு, ஒரு வேலை செய்யுங்கள். வேட்பாளர்கள் கொடுத்த செலவுக் கணக்கைத் தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் ஏற்றுவார்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் போய் ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது, தேர்தல் நடத்தை விதிகளில் 88-வது விதி. உங்கள் ஊரில் கூட்டம் நடந்த தேதியைத் தேடிப் பாருங்கள்.

களத்துமேடு:

எல்லோருக்கும் நன்றி. முதலில் பெரியப்பாவின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். பால்கணக்கு எழுதும் சின்ன நோட்டு. மொத்தம் 61,400 போட்டிருக்கிறார், கீழே "வரவு 18,000" என்று எழுதி அடிக்கோடு இழுத்திருக்கிறார். ஒன்றியச் செயலாளரிடம் கேட்டீர்களா என்றேன். "அவரும் கையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார், அவரிடம் எப்படிக் கேட்பது" என்றார்.

வேட்பாளர் கணக்கையும் பார்த்துவிட்டேன், ஸ்கேன் செய்த தாள், கையெழுத்து தெளிவாக இருந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அந்தத் தேதியில் மேடை ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, நாற்காலி 100 என்று இருக்கிறது. அன்றைக்கு நாற்காலியை லாரியிலிருந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். அறுநூறு நாற்காலி. மறுநாள் வாடகைக்காரருக்கு எண்ணிக் கொடுத்து, குறைந்த நான்குக்குப் பெரியப்பா தன் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறோம். பெரியம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.