விளக்கு தண்ணீரிலா எரிந்தது?

சுவடிப்பூச்சி:
நேற்று திண்ணைவாசி இங்கே அள்ளிவிட்டது: "ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது, அதனால்தான் யூதர்களின் ஹனுக்கா விளக்குப் பண்டிகை. மக்கபேயர் நூலைப் புரட்டிப் பாருங்கள்." புரட்டினேன் ஐயா, அந்தப் பழைய யூத வரலாற்று நூல் இரண்டையும். கி.மு. 164-இல் யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே எருசலேம் கோயிலை மீட்டார், புதுப் பலிபீடம் கட்டினார்கள், விளக்கேற்றினார்கள், யூத மாதமான கிஸ்லேவ் 25 தொடங்கி எட்டு நாள் விழா. எண்ணெய் அற்புதம் எங்கே?

திண்ணைவாசி:
விளக்கேற்றினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். எட்டு நாள் என்றும் சொல்கிறீர்கள். அப்புறம் விளக்கு தண்ணீரிலா எரிந்தது?

சுவடிப்பூச்சி:
எட்டு நாளுக்குக் காரணம் இரண்டாம் நூல் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மக்கபே ஆட்கள் மலையிலும் குகையிலும் ஒளிந்து திரிந்ததில் எட்டு நாள் நடக்கும் கூடார விழா தவறிப்போனது, அதை நினைத்து எட்டு நாள் கொண்டாடினார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸும் விழாவுக்கு "விளக்குகள்" என்று பேர் சொல்கிறார், எண்ணெயைப் பற்றி மூச்சுவிடவில்லை. தலைமைக் குருவின் முத்திரையோடு கிடைத்த ஒற்றைக் குப்பி கதை யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தால்முதில்தான் வருகிறது. சில நூற்றாண்டு கழித்து!

கோட்டாறு_ஜெபம்:
எங்கள் புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் மக்கபேயரே கிடையாது. யோவான் 10:22-இல் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை இருக்கிறது. அது போதும்.

மணப்பாடு_மைந்தன்:
புத்தகத்தையே கழற்றிவிட்டு "போதும்" என்றால் எப்படி? போன மாதம் நீங்கள் ஏற்காத தோபித்து நூலைப் பற்றிப் பேசியபோதும் இதே பாட்டுதான்.

கோட்டாறு_ஜெபம்:
நாங்கள் கழற்றவில்லை, கத்தோலிக்கர் நீங்கள் சேர்த்தீர்கள்.

சுவடிப்பூச்சி:
உங்கள் பங்காளிச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எங்கே?

ஹைஃபா_அக்கா:
தம்பிகளா, நான் இங்கே இஸ்ரேலில் ஒரு யூதத் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஜன்னல் திட்டில் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைப்பார். முதல் சாயங்காலம் ஒன்று, மறுநாள் இரண்டு. வலப்பக்கமிருந்து அடுக்குவார், ஆனால் ஏற்றும்போது அன்றைக்குப் புதிதாக வைத்ததில்தான் தொடங்குவார். கை நடுங்கி எண்ணெய் சிந்தும், துடைப்பது நான். அப்புறம் உருளைக்கிழங்கு துருவி எண்ணெயில் பொரிக்கும் லட்கே. எண்ணெய் இல்லாமல் இந்தப் பண்டிகையே இல்லை.

சுவடிப்பூச்சி:
அக்கா, உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. மக்கபே வீரன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஒன்றிலிருந்து எட்டுக்கு ஏறுவது, பழைய யூத மதப் போதகர்களான ரபிகளில் ஹில்லேல் பள்ளியின் முறை. ஷம்மாய் பள்ளி எட்டில் தொடங்கி இறங்கச் சொன்னது.

ஹைஃபா_அக்கா:
உருளைக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேனா?

சுவடிப்பூச்சி:
இதையும் கேளுங்கள். எண்ணெய் ஒரு நாளைக்குப் போதும் என்றால் முதல் நாள் எரிந்ததில் அற்புதம் ஏது? மிச்சம் ஏழு நாள்தானே, எட்டு நாள் விழா எதற்கு? 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ என்ற ரபியே கேட்ட கேள்வி இது.

திண்ணைவாசி:
ரபி எண்ணெயை நம்பித்தானே கேட்டார்! நீங்கள் கூட்டி வந்த சாட்சி எங்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டாரே.

சுவடிப்பூச்சி:
பேச்சை மாற்றாதீர்கள். மக்கபேயர் நூலில் என்றீர்கள். அதிகாரம், வசன எண் கொடுங்கள்.

மணப்பாடு_மைந்தன்:
கோட்டாறு அண்ணனிடம் கேட்காதீர்கள், அவரிடம் அந்தப் புத்தகமே இல்லை.

கோட்டாறு_ஜெபம்:
ஆரம்பித்துவிட்டார்.

ஹைஃபா_அக்கா:
இருட்டப் போகிறது, தாத்தா தீப்பெட்டி தேடுகிறார். வருகிறேன்.

சுவடிப்பூச்சி:
வசன எண்?

திண்ணைவாசி:
தண்ணீரிலா எரிந்தது?