மறு: நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவது – கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> ‘ஒட்டுண்ணி மின்னிழப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் தெளிவாக இருக்கிறது.

ஐயா, இந்தச் சொல்லுக்கு நான் உடன்படவில்லை. வண்டியைப் பூட்டிய பிறகும் அலாரம், கடிகாரம், ரிமோட் பூட்டு, எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். இவை வண்டியின் சொந்த உறுப்புகள். ஒட்டுண்ணி என்று எழுதினால் படிப்பவர் எங்கோ கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடுவார்.

இழையில் இன்னொருவர் சொன்ன ‘மின்கசிவு’ இன்னும் ஆபத்து. மின்கசிவால் தீ என்றுதான் நாளிதழ்களில் அந்தச் சொல்லைப் படித்துப் பழகியிருக்கிறோம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், மைவியோ சாகாவோ, கார் வாசலிலேயே நிற்கிறது. தீபாவளிக்கு வந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். ‘பேட்டரி கோங்’, அதாவது செத்துவிட்டது, என்பார்கள். ஃபோர்மேன் (மெக்கானிக்) வந்து ஜம்பர் கம்பி போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுப்பார். ஏன் இறங்கியது என்று பெரியவர்கள் கேட்டால், தமிழில் விளக்க ஒரு சொல்லும் கையில் இல்லை. இவர்களுக்காகத்தான் வாகனப் பராமரிப்புக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் கருத்து, இங்கே நடப்பவை இரண்டு. அதனால் சொல்லும் இரண்டு வேண்டும்.

முதலாவது, எந்தக் கம்பியும் மாட்டாமல் தனியே வைத்திருந்தாலும் பேட்டரி தானாக இறங்குவது. உள்ளே ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையில் நடக்கும் வேதிவினைதான் காரணம். வெப்பம் 10 பாகை கூடினால் இதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலில் இதை அலட்சியம் செய்ய முடியாது. இதற்கு ‘தன்னிறக்கம்’ என்கிறேன். ‘பேட்டரி இறங்கிடுச்சு’ என்று ஏற்கெனவே எல்லாரும் சொல்கிறார்கள், மின்னேற்றம், மின்னிறக்கம் என்ற வழக்கோடும் ஒத்துப்போகிறது. ‘சுயவிறக்கம்’ வாயில் நிற்கவில்லை.

இரண்டாவது, முன்பு சொன்ன அலாரமும் கடிகாரமும் எடுப்பது. இதற்கு ‘நிற்புச் செலவு’. வண்டி நிற்கும்போது ஆகும் மின்செலவு, அவ்வளவுதான். பணச் செலவோடு குழம்பாதா என்ற கேள்வி வரும். குழம்பும் இடத்தில் ‘நிற்பு மின்செலவு’ என்று விரித்துக்கொள்ளலாம்.

அளவைப் பார்த்தால் ஏன் பிரிக்கிறேன் என்பது புரியும். பூட்டிய காரில் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்பார்கள். அப்படி எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று வாரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடும். பூட் (பின்பக்கச் சாமான் அறை) விளக்கு அணையாமல் கிடந்தால் கதையே வேறு: 5 வாட் பல்பு ஐந்து நாளுக்குள் முழுதும் காலி செய்துவிடும். இதை மட்டும் ‘மிகை நிற்புச் செலவு’ என்று சொல்லலாம். கோளாறு என்ற பொருள் இங்கேதான் வரவேண்டும்.

மருந்தும் வேறு வேறு. பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) கம்பியைக் கழற்றினால் நிற்புச் செலவு அடியோடு நிற்கும், தன்னிறக்கம் நிற்காது. ஆகவே கழற்றி வைத்தாலும் அவ்வப்போது மின்னேற்ற வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அந்த நிலையில் நெடுநாள் விட்டால் தகட்டில் ஈய சல்பேட்டு இறுகிப் பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கப் பார்த்தேன், ‘கம்பியைக் கழற்றிட்டேனே, அப்புறம் ஏன் இறங்குச்சு?’ என்ற கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லை.

சிறிய அளவில் தொடர்ந்து மின்னேற்றும் கருவிக்கு ‘துளி மின்னேற்றி’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை.