வாடகைக் காரில் பெட்டிகளோடு பாசிக்குடா, அறுகம்பே: எங்கே வைப்பது? (அவசரம்)

தூரத்துமகள் (செவ்வாய், பகல் 11.10)
வணக்கம். நாளை விடிய இலங்கையில், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறோம். கார் வாடகைக்குச் சொல்லியாச்சு. கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் இரண்டு இரவு, அப்புறம் மட்டக்களப்பு, கடைசியாக அறுகம்பே. காலையில் ஓர் அறையை விட்டு வெளிக்கிட்டால் அடுத்த அறை பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பெட்டியெல்லாம் காரிலேயே இருக்கும். கடலுக்கும் கோயிலுக்கும் எல்லாரும் இறங்கிவிடுவோம். போன வருடம் ஸ்பெயினில் காரின் பின்கண்ணாடியை உடைத்து எங்கள் பை ஒன்றைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும்.

வாவிக்கரை
என்ன கார் தங்கச்சி? அக்சியோ மாதிரி டிக்கி தனியாக மூடியதா, வேகன்ஆர் மாதிரிப் பின்கதவு மேலே தூக்குவதா? அதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. சாரதி உண்டா?

கல்முனையான்
எத்தனை பேர், எத்தனை பெட்டி? உள்ளே என்ன இருக்கிறது? உடுப்பு மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

ஊர்சுற்றி
எந்தக் காராக இருந்தாலும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். பின்னுக்கு ஒரு சாண் இடம்கூட விடக் கூடாது. டிக்கி திறக்கவே முடியாது. நான் எங்கே போனாலும் இப்படித்தான்.

வாவிக்கரை
பாசிக்குடாக் கடற்கரையில் சுவருக்கு எங்கே போவது? அதோடு செடான் காரில் சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் டிக்கி திறக்கும் நெம்பு இருக்கும். சில கார்களில் பின் ஆசனத்தை மடித்தாலே டிக்கிக்குள் கை போகும். சுவர் பாதிக் காவல்தான்.

பழைய_சாரதி
இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்துவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நான் வெளிநாட்டாருக்கு இருபது வருடமாக வாகனம் ஓட்டுகிறவன், கவனமாகக் கேளுங்கள். ஸ்பெயினையும் நம்ம ஊரையும் ஒரே தராசில் போடாதீர்கள். என் அனுபவத்தில் இங்கே களவு போனதெல்லாம் பூட்டாமல் விட்ட காரிலிருந்தும், கடற்கரையில் துவாயின் கீழே ஒளித்த போனும்தான். ரிமோட்டை அமத்திவிட்டு அப்படியே நடக்கக் கூடாது. லொக் விழும் சத்தத்தைக் கேட்டு, கைபிடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டியை டிக்கிக்கு மாற்றுவதென்றால் வெளிக்கிடும் இடத்திலேயே மாற்றுங்கள். போய் இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து அடுக்கினால், உள்ளே இருப்பதை நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. பெட்டியில் தொங்கும் விமானப் பட்டியையும் அறுத்துவிடுங்கள்.

ஊர்சுற்றி
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் புதிதாகக் கேட்க வந்த பிள்ளைக்கு இந்தத் தொனி வேண்டாமே.

பொத்துவிலான்
எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். காருக்குள் வாழைப்பழம், பலாப்பழம் எதையும் விடாதீர்கள். யானைக்கு மணம் பிடித்தால் கண்ணாடி மிஞ்சாது. லகுகலைப் பக்கம் கவனம்.

கல்முனையான்
மட்டக்களப்பிலிருந்து அறுகம்பே போக லகுகலை எதற்கு? கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரமாகவே போகலாம். லகுகலை மொனராகலைக்குப் போகிறவர்களின் பாதை.

பொத்துவிலான்
திரும்பி கொழும்புக்கு எந்தப் பாதையால் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் பொத்துவிலில் பிறந்து வளர்ந்தவன்.

பழைய_சாரதி
யானைப் பயம் வரும்போதே உண்டு. ஹபரணை தாண்டி மின்னேரியாப் பக்கம் இருட்டில் ஓட்டக் கூடாது. சரி, வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தோடு தாங்களே ஓட்டுவதென்றால், சர்வதேசப் பத்திரம் மட்டும் போதாது. அதை இங்கே செல்லுபடியாக்கவும் வேண்டும்.

வாவிக்கரை
பெட்டிக் கதைக்கு வருவோம். கேட்டவர் எங்கே?

தூரத்துமகள் (பிற்பகல் 2.25)
மன்னிக்கவும், இப்போது விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். கார் வேகன்ஆர். அண்ணன் ஓட்டுகிறார், பத்திரமெல்லாம் அவர் பார்த்துவிட்டார். நாலு பேர், மூன்று பெரிய பெட்டி. ஒன்றில் அம்மாவின் இன்சுலின், ஒரு மாதத்துக்கு உரியது. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் பெரியம்மா இருக்கிறா, அவவுக்குக் கொண்டுபோகும் சாமானும் உண்டு.

ஏறாவூர்_தாதி
தங்கச்சி, பெட்டியை ஒப்படைக்கும் முன் இன்சுலினை வெளியே எடுங்கள். சாமான் அறையில் குளிரில் உறைந்தால் அது கெட்டுவிடும், பெட்டி தவறினால் மருந்தும் போச்சு. கைப்பையில் மருத்துவரின் துண்டோடு வையுங்கள். திறக்காதது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவிப்பதை 30 பாகைக்குக் கீழே வைக்கலாம். நம்ம வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 45 பாகையைத் தாண்டும். நீங்கள் கள்ளனுக்குப் பயப்படுகிறீர்கள், நான் அந்தச் சூட்டுக்குத்தான் பயப்படுகிறேன். ஐஸ்கட்டியில் நேரே படவும் விடாதீர்கள், துணியில் சுற்றுங்கள்.

வாவிக்கரை
வேகன்ஆரில் நாலு பேர் இருந்தால் பின்னுக்கு இரண்டு சிறிய பைக்குத்தான் இடம். மூன்று பெரிய பெட்டி என்றால் கண்ணாடி வழியாகக் கைபிடிவரை தெரியும். காரை மாற்றக் கேளுங்கள். அதோடு ஆரையம்பதியில் பெரியம்மா இருக்கும்போது ஏன் பெட்டியோடு அலைய வேண்டும்? பெரிய பெட்டி இரண்டையும் அங்கே இறக்கிவிட்டு, இரண்டு நாள் உடுப்போடு அறுகம்பே போய் வாருங்கள்.

கல்முனையான்
அறைக்காரரையும் கேளுங்கள். வெளிக்கிட்ட பிறகும் பின்னேரம் வரை பெட்டியை வைத்துக்கொள்வார்கள், அடுத்த இடத்தில் முன்னேரத்தோடு போனாலும் வாங்கி வைப்பார்கள். பாஸ்போட், காசு, நகை மட்டும் உங்கள் உடம்போடு. ஏதும் நடந்தால் 1912இல் சுற்றுலாப் பொலிஸ். முறைப்பாட்டுப் பிரதியை வாங்காமல் வர வேண்டாம், காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். கண்ணுக்குத் தெரியக் காரில் விட்ட சாமானுக்குப் பல காப்புறுதிகள் காசு தருவதில்லை, பத்திரத்தை வாசியுங்கள்.

தூரத்துமகள் (செவ்வாய், பிற்பகல் 2.50)
இன்சுலினை எடுத்துவிட்டேன். நல்ல வேளை.

பொத்துவிலான்
லகுகலை பற்றி நான் சொன்னது தப்பில்லை.

தூரத்துமகள் (திங்கள், இரவு 9.05)
அக்சியோ கிடைத்தது. பெரிய பெட்டி இரண்டும் பெரியம்மாவின் அறையில் இருக்கின்றன. பாசிக்குடாவில் அம்மாவின் மருந்தை அறைக்காரரே குளிர்பெட்டியில் வைத்துத் தந்தார். கைபிடியை இழுத்துப் பார்ப்பது இப்போது அண்ணனுக்குப் பழகிவிட்டது. நாளை அறுகம்பே.

ஏறாவூர்_தாதி
பாவிக்கும் இன்சுலினுக்குத் திறந்த திகதியைப் பெட்டியில் எழுதி வையுங்கள் தங்கச்சி. திறந்தால் பெரும்பாலும் 28 நாள்தான்.