இன்ஜின் மாற்றிய வண்டியில் மீட்டர், ஃபேன் ஒயரிங்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இன்ஜினை இறக்கி ஏற்றுவது பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். மவுண்ட் எப்படிச் செய்தோம், கியர்பாக்ஸ் எப்படிப் பொருந்தியது என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு டேஷ்போர்டில் ஒரு முள்ளும் அசையாமல் கிடக்குமே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானே தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது கார்புரேட்டர் காலத்து வண்டி. இப்போது அதில் இருப்பது இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். மீட்டர் போர்டு மட்டும் பழையது. அந்த அழகுக்காகத்தான் வண்டியையே வைத்திருக்கிறேன், மாற்ற மனசு வரவில்லை. பழைய இன்ஜினில் டெம்பரேச்சர் சென்சாருக்கு ஒரே ஒயர். மீட்டரிலிருந்து வரும் கரண்ட் சென்சார் வழியாக இன்ஜினிலேயே எர்த் ஆகிவிடும். புது இன்ஜினில் இருப்பது இரண்டு ஒயர் சென்சார். உதவிக்கு வந்த நண்பர், "இதிலிருந்தே ஒரு ஒயர் இழுத்து மீட்டருக்குக் கொடுத்துடலாமே" என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இசியூ 5 வோல்ட்டை உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சென்சாருக்கு அனுப்பி, அந்த ஒயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. சூடு ஏற ஏறச் சென்சாரின் ஓம் (மின்தடை) குறையும், வோல்ட்டும் இறங்கும். அதே ஒயரில் 12 வோல்ட் மீட்டரைச் சேர்த்தால் வோல்ட் ஏறிவிடும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் இசியூ குளிராக இருப்பதாக நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், ஃபேனையும் போடாது. இசியூவே போனாலும் போகும்.

ஆக மீட்டருக்குத் தனிச் சென்சார். அதற்கு முன் பழைய சென்சாரைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டர், அந்தப் பக்கம் மல்டிமீட்டர். பத்து டிகிரிக்கு ஒருமுறை ஓமைக் குறித்துக்கொண்டு, பிறகு சென்சாரை மீட்டரோடு இணைத்து, 90 டிகிரியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்தேன். இதைச் செய்யாமல் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சென்சாரை மாட்டினால், முள் நடுவில் நின்றாலும் அதற்குப் பொருள் கிடையாது. மீட்டரும் சென்சாரும் ஜோடி. ஒரு ஒப்பீட்டுக்கு: பாஷ் வகை இசியூ சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் 190 ஓமுக்குப் பக்கம். பழைய முள் மீட்டர்களுக்கு உரிய சென்சார்கள் பெரும்பாலும் இதைவிட வெகுவாகக் குறைந்த ஓம் கொண்டவை.

சிலிண்டர் ஹெட்டில் மூடி வைத்த துளை ஒன்று இருந்ததால் எனக்கு இடம் கிடைத்தது. இல்லாதவர்கள் ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அலுமினியத் துண்டு வைத்து அதில் சென்சாரை மாட்டுவார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அந்தத் துண்டுக்குத் தனியாக எர்த் ஒயர் கொடுத்தே ஆக வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாலும் எர்த் கெடும், கவனம்.

அடுத்தது ஃபேன். பழைய இன்ஜினில் ஃபேன் வாட்டர் பம்பிலேயே சுற்றியது, ஒயரே கிடையாது. இப்போது எலெக்ட்ரிக் ஃபேன். ஓடும்போது 20 ஆம்ப் அளவுக்கு இழுக்கிறது, கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. இதைச் சுவிட்ச் வழியாக நேராகக் கொடுக்க முடியாது. அதனால் நடுவில் ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதன் கால்களில் எண் இருக்கும். 30-ஆம் கால் பேட்டரிக்கு, நடுவில் 30 ஆம்ப் ஃபியூஸ், அதுவும் பேட்டரியை ஒட்டியே. 87 ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் வரும் 12 வோல்ட். 85-ஐ ரேடியேட்டரில் இருக்கும் தெர்மோ சுவிட்ச் (சூட்டைப் பொறுத்துத் தானே போட்டு அணைக்கும் சுவிட்ச்) எர்த் செய்யும். ஃபேனுக்குப் போகும் ஒயர் 4 சதுர மில்லிமீட்டர். அதன் எர்த்தும் அதே தடிமன். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுவிட்ச் எத்தனை டிகிரியில் போட வேண்டும் என்பதில் நான் நிறைய யோசித்தேன். தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, 88-ல் திறக்கிறது. இன்ஜின் பக்கத்திலேயே 82-ல் போடும் சுவிட்ச் வைத்தால், இன்ஜின் சூடான பிறகு ஃபேன் நிற்கவே நிற்காது, ஏனென்றால் தெர்மோஸ்டாட் அந்த அளவுக்குக் கீழே இறங்க விடாது. நான் வைத்தது 92-ல் போட்டு 87-ல் அணைக்கும் சுவிட்ச், ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம். அங்கே வெப்பம் இன்ஜினில் இருப்பதைவிடக் குறைவு என்பதால் ஒத்துப்போகிறது. நெரிசலில் போடுகிறது, அணைக்கிறது, ஒழுங்காக இருக்கிறது.

* * *

நல்ல தொடக்கம் சார். வண்டி ஒயரிங்தான் என் தொழில். இன்ஜின் மாற்றி வரும் வண்டிகளில் எனக்கு அதிகம் வருவது எர்த் கோளாறுதான். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பட்டை ஒயர் இருக்கும். இன்ஜினை இறக்கும்போது கழற்றுவார்கள், ஏற்றிய பிறகு மறந்துவிடுவார்கள். மவுண்டெல்லாம் ரப்பர், கரண்ட் திரும்பிப் போக வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிளில் நுழையும். ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கேபிள் சூடாகிப் புகைந்த வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். டெம்பரேச்சர் முள் உடனே நகர்ந்தால் வெப்பம் மாறியதாக அர்த்தமில்லை. நொடியில் தண்ணீர் எப்படிச் சூடாகும்? எர்த் சரியில்லை. அப்புறம் ஃபேனை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஃபேனின் எர்த் பின்னிலும் வையுங்கள். அதேபோல பாசிட்டிவ் பக்கம். எந்தப் பக்கமும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. சமீபத்தில் ஒருவர், புது ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கம்பெனியே சரியில்லை என்று கோபமாக வந்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், ஃபேனில் 11-க்கும் கீழே. பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டியதும் ஃபேன் சத்தமே மாறிவிட்டது.

* * *

ஃபேன் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். எங்கள் அண்ணன் வாங்கிய வண்டியில் முன்பு வைத்திருந்தவரே இன்ஜின் மாற்றியிருந்தார். சாவியை எடுத்த பிறகும் சில நொடி இன்ஜின் ஓடும். எப்போதும் அல்ல, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் மட்டும். பேய் பிடித்த வண்டி என்று அண்ணி ஏறவே மாட்டார். ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்தால் ஃபேனுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே ரிலேயிலிருந்து கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் போன பிறகும் வேகத்தில் சுற்றும் மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். அந்த வோல்ட் பின்வழியாகப் போய் இக்னிஷனையும் ரிலேயின் காயிலையும் உயிரோடு வைத்திருந்தது. ஃபேனுக்குப் பேட்டரியிலிருந்து தனி லைன், தனி ரிலே. அத்தோடு தீர்ந்தது. அண்ணி இன்னமும் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

இதே கோளாறு மீட்டர் போர்டில் இருக்கும் சார்ஜ் லைட் வழியாகவும் வரும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து அந்தச் சின்ன பல்ப் வழியாகத் திரும்பும் கரண்ட்டே சில இசியூக்களை அணைய விடாது. பல்ப் லைனில், கரண்ட்டை ஒரே பக்கம் விடும் டையோடு ஒன்று போட்டால் போதும், திசையைப் பார்த்துப் போட வேண்டும்.

* * *

அந்தச் சார்ஜ் லைட்டைச் சும்மா விளக்கு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள் என்று நானும் சேர்த்துச் சொல்கிறேன். நிறைய ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. தெரிந்தவர் ஒருவர் மீட்டர் போர்டு முழுக்க எல்இடி மாற்றினார். அதன்பின் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால்தான் சார்ஜ் ஏறியது. எல்இடி விடும் கரண்ட் போதவில்லை. பக்கத்தில் இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்ததும் சரியானது.

ஆர்பிஎம் மீட்டருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் என்றால் இன்ஜினின் ஒரு சுற்றுக்கு மீட்டருக்கு வரும் இக்னிஷன் சிக்னல் 2 துடிப்பு, ஆறுக்கு 3, எட்டுக்கு 4. ஆறு சிலிண்டர் மீட்டரை நான்கு சிலிண்டர் இன்ஜினில் வைத்தால் 3,000 ஓடும்போது 2,000 காட்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்ஜினில் ஒரு காயிலிலிருந்து எடுத்தால் கணக்கே வேறு. இசியூவின் டேக்கோ அவுட்புட்டை (ஆர்பிஎம் மீட்டருக்கென்றே வரும் ஒயர்) எடுங்கள். அது எர்த் பக்கம் மட்டும் இழுக்கும் வகையாக இருந்தால் 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கொடுத்தால்தான் பழைய மீட்டர் கண் திறக்கும்.

* * *

பழைய மீட்டர் போர்டை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, பழைய மீட்டர்கள் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை அல்ல. பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த பல ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு 10 வோல்ட் ஸ்டெபிலைசர் உண்டு. பழைய ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் விட்டு விட்டுக் கொடுத்துச் சராசரியாக 5 வோல்ட் ஆக்கும் ரெகுலேட்டர். ஒயரிங் புதுப்பிக்கும்போது இந்தச் சின்ன டப்பாவைக் குப்பை என்று தூக்கிப்போட்டு நேராக 12 கொடுத்தால் மீட்டர் கருகும். டெம்பரேச்சரும் பெட்ரோலும் ஒரே சமயம் அதிகம் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த டப்பாவின் எர்த்தைத்தான்.

இரண்டு, ஆம்ப் மீட்டர். இதில் எனக்குப் பயமே உண்டு. பழைய அமைப்பில் ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் கரண்ட் மொத்தமும் டேஷ்போர்டு வரை வந்து அந்த மீட்டர் வழியாகப் போகும். அன்றைய ஆல்டர்னேட்டர் சின்னது, தாங்கியது. புது இன்ஜினோடு 100 ஆம்ப் ஆல்டர்னேட்டர் வந்து, எலெக்ட்ரிக் ஃபேனும் சேர்ந்தால் அந்த இணைப்பு சூடாகும், முழங்காலுக்கு மேலேயே தீ. அதைத் துண்டித்து, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த ஒயரில் ஃபியூஸோடு நேர் லைன் கொடுத்து, டேஷில் வோல்ட் மீட்டர் வையுங்கள். நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை.

* * *

முதலில் எழுதிய சாருக்கு ஒரு கேள்வி. எனக்கு ஃபேன் சரியான நேரத்தில் போடுகிறது, நல்ல வேகம், ஆனால் நெரிசலில் மட்டும் சூடு ஏறுகிறது. நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. ஒயரிங் எல்லாம் மேலே சொன்ன மாதிரியே சோதித்துவிட்டேன்.

* * *

ரேடியேட்டருக்கு இன்ஜின் பக்கம் ஃபேன் இருந்தால் காற்று இன்ஜினை நோக்கி வர வேண்டும். வண்டி நிற்கும்போது முன்பக்க கிரில்லில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளினால் இரண்டு ஒயரும் மாறிக் கிடக்கிறது. சாதாரண டிசி மோட்டார் என்றால் மாற்றிப் போட்டால் போதும்.

காற்று சரியென்றால் கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கலாம். இன்ஜின் மாற்றிய வண்டிகளில் ஹோஸின் போக்கு மாறுவதால் ரேடியேட்டர் மூடியைவிட ஹெட் உயரமாகிவிடுவது உண்டு. சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் இருந்தால் முள் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, மூடி இல்லாமல் ஓடவிட்டுக் குமிழி அடங்கும்வரை நிரப்புங்கள். காகிதம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.