ஸ்கோமெட் அனுமதி கேட்டு ஏர் கார்கோவில் சரக்கு நிற்கிறது, அவசர உதவி தேவை

ஓசூர்_லேத்:
வணக்கம். மூன்று நாளாகச் சரக்கு நிற்கிறது. ஸ்கோமெட் அனுமதி, அதாவது ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களை ஏற்றுமதி செய்வதற்கான அனுமதி, எங்கே என்று சுங்கத்தில் கேட்கிறார்கள். சாதாரண அலுமினிய ஹவுசிங்தான், 40 எண்ணம். எச்எஸ் கோட் (சுங்க வகைப்பாட்டு எண்) 8483. இதற்கெல்லாமா லைசென்ஸ்? வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கார்கோ_செல்வி:
எந்த நாட்டுக்கு? எதில் பொருத்துகிற ஹவுசிங்? டிராயிங் யாருடையது? இந்த மூன்றும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மெட்டல்_ரவி:
அலுமினியம் 7075-ஆ? அப்படியானால் அதுதான் காரணம். 460 மெகாபாஸ்கலுக்கு மேல் வலிமை உள்ள அலுமினியக் கலவை அணுசக்தி சார்ந்த கட்டுப்பாட்டில் வரும். நான் பார்த்த கேஸ்களில் பாதி இப்படித்தான்.

கார்கோ_செல்வி:
ரவி சார், அது 75 மில்லிமீட்டருக்கு மேல் வெளிவிட்டம் உள்ள குழாய்க்கும் உருளைக்கும். இவர் ஹவுசிங் என்கிறார்.

சீனியர்_எக்ஸிம்:
ஸ்கோமெட் பட்டியல், ஐடிசி எச்எஸ் என்கிற நம் ஏற்றுமதி இறக்குமதி வகைப்பாட்டின் இரண்டாம் அட்டவணையில் 3-ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் நடைமுறைக் கையேட்டில் 10-ஆம் அத்தியாயத்தையும் படித்துவிட்டு வாருங்கள். சரக்கைக் கார்கோவுக்கு அனுப்பிவிட்டு லைசென்ஸ் தேடுகிற ஆட்களுக்கு என்ன சொல்வது?

திருச்சி_பட்டறை:
சார், 2019-ல் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபின் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள்தான் இந்த ஆர்டரெல்லாம் எடுக்கிறோம். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் கம்ப்ளையன்ஸுக்கென்று தனி ஆள் ஏது? தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னால்தானே தெரியும். தம்பி, ஷிப்பிங் பில்லில் வேறு எச்எஸ் கோட் போட்டுப் பாருங்கள், எனக்கு ஒருமுறை விட்டுவிட்டார்கள்.

கார்கோ_செல்வி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எச்எஸ் கோட் வரிக்கு. பொருள் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதுதான் ஸ்கோமெட்டுக்குக் கணக்கு. கோடை மாற்றினால் தப்பான தகவல் கொடுத்த குற்றமும் சேரும், ஐஇசியை (ஏற்றுமதியாளர் பதிவு எண்ணை) நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஓசூர்_லேத்:
ஜெர்மனிக்கு. கியர்பாக்ஸ் ஹவுசிங். டிராயிங் அவர்களுடையது. என்ன வண்டி என்று அவர்கள் சொல்லவில்லை.

கார்கோ_செல்வி:
பிஓவின் (பர்ச்சேஸ் ஆர்டரின்) கடைசிப் பக்கத்தையும், டிராயிங்கின் வலது கீழ் மூலைக் கட்டத்தையும் பாருங்கள். "ஏஎல்" என்று போட்டு நான்கு இலக்க எண் இருக்கிறதா?

ஓசூர்_லேத்:
இருக்கிறது. ஏஎல் 0006ஏ. ஏதோ பார்ட் நம்பர் என்று நினைத்தோம்.

கார்கோ_செல்வி:
அது ஜெர்மனியின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் எண். 0006 என்றால் ராணுவத் தரை வாகனங்களும் அவற்றின் பாகங்களும். அவர்கள் பட்டியலும் நம் ஸ்கோமெட்டும் வாசினார் என்கிற பன்னாட்டு ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பட்டியலை ஒட்டியவை, அதனால் நம்முடையதில் 6ஏ006-ஐப் பாருங்கள். ராணுவப் பொருள்களுக்கான 6-ஆம் பிரிவுக்கு அனுமதி தருவது டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அல்ல, பாதுகாப்பு உற்பத்தித் துறை. அவர்கள் போர்ட்டலில் விண்ணப்பியுங்கள். பொருளைக் கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று உறுதி தரும் எண்ட் யூஸர் சர்டிஃபிகேட்டை வாடிக்கையாளரிடம் இன்றே கேளுங்கள், நாள் பிடிப்பது அங்கேதான். வெள்ளிக்கிழமைக்கு வாய்ப்பில்லை, அதை வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சீனியர்_எக்ஸிம்:
சர்டிஃபிகேட் மட்டும் போதாது. ஓசூர்க்காரர்கள் டிராயிங்கை ஜெர்மனிக்கு மெயிலில் திருப்பி அனுப்பினார்களா என்று கேளுங்கள். தொழில்நுட்பத்துக்கான 6ஏ022-இன் கீழ் அதுவும் ஏற்றுமதிதான்.

திருச்சி_பட்டறை:
அவர்கள் கொடுத்த டிராயிங்கை அவர்களுக்கே அனுப்புவது எப்படி ஏற்றுமதியாகும்?

சீனியர்_எக்ஸிம்:
யார் கொடுத்தது என்பது கேள்வியே இல்லை. நாட்டை விட்டு வெளியே போகிறதா, அதுதான் கேள்வி.

திருச்சி_பட்டறை:
அப்படியானால் டிராயிங்கில் ஒரு டாலரன்ஸ் சந்தேகம் என்றாலும் லைசென்ஸ் வாங்கிவிட்டுத்தான் கேட்க வேண்டுமா? வேலை எப்படி நடக்கும்?

கார்கோ_செல்வி:
இருவரும் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். அண்ணே, நீங்களே போட்ட ஃபிக்ஸ்சர் டிசைன், பிராசஸ் ஷீட் இதெல்லாம் வெளியே போகிறதா என்பதை முதலில் பாருங்கள். அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ஓசூர்_லேத்:
சரக்கைத் திரும்ப எடுத்துவிட்டோம். போர்ட்டலில் விண்ணப்பம் போட்டாயிற்று. ஆர்டர் ரத்தாகவில்லை, காத்திருக்கிறோம் என்றார்கள். சர்டிஃபிகேட் இன்று வந்தது. நன்றி மேடம்.

கார்கோ_செல்வி:
நல்லது. சர்டிஃபிகேட்டில் இருக்கிற பெயரும் பிஓ கொடுத்தவர் பெயரும் ஒன்றுதானா? வேறாக இருந்தால் இருவர் விவரமும் விண்ணப்பத்தில் வரவேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

கார்கோ_செல்வி:
தம்பி, பார்த்தீர்களா?